பாரில் கிடந்த என் செருப்பு

கடலிலிருந்து ஏறி வந்ததும் ஈரக் கையால் என் தலையில் ஒரு தட்டு தட்டுவாயே, அந்த வேலு அண்ணாவுக்கு,

வருகிற மாசியோடு நீ போய் மூன்று வருஷம். இதுவரை உன்னோடு மனசுக்குள்தான் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது ஏன் எழுதுகிறேன், அதுவும் நாலு பேர் படிக்கிற மாதிரி ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். வீட்டுக்கு யாராவது வந்தால் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிற, ஊர் ஊமச்சி என்று கூப்பிடுகிறவள்தானே நான். சொல்கிறேன், கொஞ்சம் பொறு.

முதலில் வீட்டுச் சேதி. அம்மாவுக்கு முட்டி வலி குறையவில்லை, மீன் கூடையை மட்டும் விடுவேனா என்கிறாள். யாழினி ஒன்றாவது போய்விட்டாள். உன்னை மாதிரியே சாப்பிடும்போது கதை பேசி, அம்மாவிடம் திட்டு வாங்குகிறாள். அண்ணி தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனிக்குப் பேக்கிங் வேலைக்குப் போகிறார். உன் குறட்டை இல்லாமல் தூக்கம் வர ஆறு மாதம் ஆனது என்று ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார். சொல்லிவிட்டு, நான் பார்க்கிறேனா என்று திரும்பிப் பார்த்தார்.

எனக்கும் வேலை கிடைத்துவிட்டது. நான் விலங்கியல் சேர்ந்தபோது நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? "மீன் பேரு தெரிஞ்சிக்க மூணு வருஷமா? எங்கிட்ட கேட்டிருந்தா மூணு நாள்ல சொல்லியிருப்பேனே." அந்தப் படிப்புதான் இப்போது என்னைக் கடலுக்குள்ளேயே இறக்கிவிட்டிருக்கிறது. நம் கரைக்கு எதிரே கடலடியில் எங்கெங்கே பவளம் இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கும் ஒரு சின்னக் குழுவில் உதவியாளர். முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும். பெண்ணின் கால் பட்டால் போட்டில் மீன் விழாது என்று என்னைக் கரையிலேயே நிறுத்தி வைத்த ஊர் இது. இப்போது நான் அந்த மீன்களுக்கும் கீழே போய் வருகிறேன். அந்த ரப்பர் சட்டையில் முதல் தடவை பார்த்தபோது அண்ணி, "மாப்ள பாக்க வர்றவன் இந்த கோலத்துல பாத்தான்னா அப்டியே ஓடிடுவான்" என்றார். அம்மா சிரிக்கவில்லை. நான் திரும்பி வரும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

கீழே போனால் எனக்கு ஒன்று பிடித்திருக்கிறது அண்ணா. அங்கே யாரும் பேச முடியாது. எல்லோரும் என்னைப் போல ஆகிவிடுகிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் பஸ்ஸிலிருந்து நோயாளிகள் இறங்குவது தெரியும். கடைசி வாரத்தில் ஒரு மதியம், அண்ணி சோறு வாங்கப் போயிருந்தபோது, நீ என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு நம் பாரின் அடையாளத்தைச் சொன்னாய். படிக்கிறவர்களுக்காக ஒரு வரி: கடலடியில் கல்லும் பவளமும் சேர்ந்து மேடாகக் கிடக்கும் இடத்தை நாங்கள் பார் என்போம். களவா மீனும் சங்கரா மீனும் ஒதுங்கும் இடம் அது. கரையில் தெரியும் ஒரு கோபுரத்தையும் ஒரு தொட்டியையும் நேர்கோட்டில் வைத்து, இன்னொரு பக்கம் வேறு இரண்டை வைத்து, இரண்டு கோடும் எங்கே வெட்டுகிறதோ அங்கே அந்தப் பார். எதை எதோடு நேர் வைப்பது என்பதை ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்துக்குச் சொல்லாது. நானும் இங்கே எழுத மாட்டேன்.

"நீ படிச்சவ. ஒரு தபா போய்ப் பாத்து சொல்லு, பார் எப்டி இருக்குதுன்னு" என்றாய்.

ஏன் என்று கேட்டேன். "சும்மாதான்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். சாகப் போகிறவன் தங்கச்சிக்குச் சொத்து எழுதிவைக்கிறான் என்றுதான் நான் நினைத்தேன். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். நீ எனக்குக் கொடுத்தது சொத்து இல்லை, நீ தனியாகச் சுமந்துகொண்டிருந்த ஒன்று என்று அப்போது தெரியவில்லை.

இந்த வைகாசியில்தான் இறங்கினேன். எங்கள் குழுத் தலைவி ஜெயந்தி அக்காவிடம் மட்டும் சொல்லி, வரைபடத்தில் குறிக்க மாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டு போனேன். மீன்பிடி தடைக்காலம், லாஞ்சுகள், அந்தப் பெரிய இயந்திரப் படகுகள், எல்லாம் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன. கடல் எண்ணெய் விட்ட மாதிரி அசையாமல் கிடந்தது. எட்டு பாகம் ஆழம், ஏறக்குறைய ஐம்பது அடி. இறங்க இறங்க நீர் குளிர வேண்டும் அல்லவா? குளிரவில்லை. குளிக்க விளாவிய தண்ணீர் மாதிரி கடைசி வரை வெதுவெதுப்பு.

பார் வெள்ளையாக இருந்தது அண்ணா.

மூளை மாதிரி மடிப்பு மடிப்பான கல், தட்டுத் தட்டாக விரிந்த கல், விரல் விரலாக நீளும் கல், எல்லாவற்றுக்கும் யாரோ சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போன மாதிரி. பார்க்க அழகாகக்கூட இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். பவளம் கல் இல்லை, உயிர். அதன் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி குடியிருக்கிறது. வெயிலை வைத்து அந்தப் பாசி சமைக்கிறது, பவளம் சாப்பிடுகிறது. நிறமும் அந்தப் பாசி கொடுப்பதுதான். நீர் சூடாகி, சூடு வாரக்கணக்கில் இறங்காமல் நின்றால், இரண்டுக்கும் ஒத்துப்போகாமல் பாசி வெளியே போய்விடுகிறது. பிறகு பவளம் வெளுத்து நிற்கிறது. வெளுத்தால் செத்தது என்று அர்த்தமில்லை. பட்டினி கிடக்கிறது. சீக்கிரம் நீர் குளிர்ந்தால் பாசி திரும்பி வரும், பவளம் பிழைக்கும். அதுவரை அதை யாரும் இடிக்காமல், மிதிக்காமல், மண் கொட்டாமல் விட வேண்டும். காய்ச்சலில் கிடந்த உன்னை நாங்கள் பார்த்துக்கொண்ட மாதிரி.

ஆனால் அதன் மேல் ஒரு வலை கிடந்தது.

பாரின் கிழக்கு ஓரத்தில், பாதி பாசி பிடித்து, பாதி இன்னும் பளபளப்பாக ஒரு நைலான் வலை. ஒவ்வொரு அலைக்கும் அது எழும்பி விழுந்தது. விழும்போதெல்லாம் ஒரு விரல் உடைந்து கீழே போனது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உடைந்தது. வலைக்குள் ஒரு களவாவின் எலும்பு. அதைத் தின்ன வந்த நண்டின் ஓடு. கடலில் தொலைந்த வலை மீன் பிடிப்பதை நிறுத்துவதில்லை, வாங்கத்தான் கரையில் ஆள் இல்லை.

மேல் கயிற்றில் மிதவைகள் இருந்தன. கடையில் வாங்கியவை அல்ல, ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டிக் கோத்தவை. ஒன்றைப் பிடித்துக் கட்டைவிரலால் தேய்த்தேன். நீல ரப்பரில் புள்ளி புள்ளியாக என் பேரின் முதல் எழுத்து. ரே.

பள்ளிக்கூடத்தில் செருப்பு மாறிப்போகிறது என்று நான் அழுதபோது, ஆணியைச் சூடு பண்ணி நீதானே அந்த எழுத்தைப் போட்டுக் கொடுத்தாய்? தேய்ந்த பிறகு, "இது இனிமே கடல்ல நடக்கட்டும்" என்று நீதானே அதை வெட்டி வலைக்குக் கோத்தாய்?

எட்டு பாகம் ஆழத்தில் என் ஏழாம் வகுப்புச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். உருளையில் காற்று வேகமாகக் குறைந்தது. ஜெயந்தி அக்கா என் தோளைத் தட்டி மேலே காட்டினார். அந்த ஒரு வட்டத்தை மட்டும் அறுத்துக்கொண்டு ஏறினேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் உன் வலை காணாமல் போனது. உன்னோடு அண்ணன் தம்பியாகப் பழகிய ஏழுமலை மாமாவின் லாஞ்சு ஏறி அறுத்துக்கொண்டு போய்விட்டது என்றாய். சின்னப் போட்டுக்காரனுக்கும் லாஞ்சுக்காரனுக்கும் இடையில் இது எப்போதும் நடக்கிற சண்டைதான், அதனால் எல்லோரும் நம்பினார்கள். ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. பெண்கள் நிற்கும் ஓரத்தில் நானும் நின்றேன். ஏழுமலை மாமா இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நடுவில் வந்து, "நான் பாத்து செய்யல. ஆனா ஊரு சொல்லுது. மன்னிச்சிக்க வேலு" என்றார். நீ தரையையே பார்த்துக்கொண்டு நின்றாய். என் அண்ணன் எவ்வளவு பெருந்தன்மை என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் ஒரே டீக்கடையில் உட்காரவில்லை. உன்னைத் தூக்கிப்போன அன்று அவர் தெரு முனையிலேயே நின்றார், கிட்டே வரவில்லை.

பாரின் மேல் வலை விரிக்கக் கூடாது, தூண்டில் மட்டும்தான் என்பது நம் ஊர்க் கட்டு. வலை போட்டால் வலையும் போகும், பாரும் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். உனக்கும் தெரியும். அப்புறம் ஏன் அண்ணா? அந்த மாதம் மீன் சுத்தமாக இல்லை, அது எனக்கு நினைவிருக்கிறது. யாழினி பிறந்திருந்தாள். வேறு காரணம் இருந்ததா? வலை கல்லில் மாட்டி வராமல் போனதும் கத்தியால் அறுத்துவிட்டாய். கட்டை மீறினேன் என்று சொல்ல வெட்கப்பட்டு இன்னொருவர் பேரைச் சொன்னாய். இவ்வளவுதானே?

அன்று சாயங்காலம் அண்ணியிடம் சொன்னேன். அவர் செருப்பு வட்டத்தைக் கையில் வாங்கவே இல்லை.

"பஞ்சாயத்து நடந்த அன்னிக்கி அவரு சோறு திங்கல. கேட்டேன், வாய தொறக்கல" என்றார். பிறகு, "செத்த மனுசன மறுபடி எழுப்பி நடுவுல நிக்க வெக்கப் போறியா ரேவதி? யாழினிய நாளைக்கி என்னான்னு கூப்புடுவாங்க?"

செருப்பு வட்டத்தைத் துப்பட்டா நுனியில் முடிந்துகொண்டேன்.

ஜெயந்தி அக்காவிடம் வழி இருந்தது. அமைதியாகப் போய் வலையை வெட்டி எடுத்து, குழுவின் கிடங்கில் போட்டுவிடலாம், யாருடைய வலை என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்றார். நல்ல மனசோடு சொன்னார். நானும் இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பவளம் பிழைக்கும், உன் பேரும் பிழைக்கும். ஆனால் அந்தப் பாரில் நங்கூரம் போடாமல் வேலை செய்ய வேண்டும். நங்கூரம் விழுந்தால் வெளுத்துக் கிடக்கிற கல் சில்லு சில்லாகப் போய்விடும். எஞ்சினை ஏற்றி இறக்கி, நீரோட்டத்துக்கு எதிராகப் போட்டை ஒரே இடத்தில் மணிக்கணக்காக நிறுத்தத் தெரிந்த ஆள் வேண்டும். நம் பக்கத்தில் அப்படி நிறுத்தக் கூடியவர் என்று நீயே ஒருவரைத்தான் சொல்வாய். சண்டைக்குப் பிறகும் சொன்னாய்.

தேங்காய்த்திட்டில் அவர் லாஞ்சின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் பழைய பெயிண்ட் தூள். நான் போய் நின்றேன். துப்பட்டாவில் முடிந்திருந்த செருப்பு வட்டத்தை எடுத்து அவர் பக்கத்துப் பலகையில் வைத்தேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரு செருப்பு?"

"என்னுது மாமா."

"எங்க கெடந்துது?"

"பார்ல. அண்ணன் வலையில."

சுரண்டும் தகட்டைக் கீழே வைத்தார். நீ பழி போட்டதற்கு அவர் திட்டுவார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணா, அவர் திட்டவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னிக்கி இருட்டுல வரும்போது அடியில ஏதோ இழுத்த மாதிரி இருந்துச்சிம்மா" என்றார். "நம்ம லாஞ்சுதான் தெரியாம அறுத்துடுச்சோ, கூடப் பொறக்காத தம்பி வயித்துல அடிச்சிட்டமோன்னு ஆறு வருஷமா எனக்கு. அவன் செத்தப்ப கூட கிட்ட வர மூஞ்சி இல்ல."

அவர் செய்யவில்லை என்று அவருக்கே தெரியாது அண்ணா. நீ சொன்னதை ஊர் நம்பியது, அவரும் நம்பிவிட்டார். உன் பேரைக் காப்பாற்றுவதா என்று நான் இரண்டு நாள் யோசித்தேனே, அந்த இரண்டு நாளும் அவர் இதைச் சுமந்துகொண்டுதான் இந்த லாஞ்சைச் சுரண்டியிருக்கிறார்.

மூன்று காலை வேலை. வலையை எடுக்க வேண்டும் என்றதும் ஏழுமலை மாமா தன் சின்னப் போட்டை எடுத்தார். போட்டு ஓர் ஆணி அடித்த மாதிரி நின்றது. நாங்கள் கீழே கத்திரியால் கண் கண்ணாக வெட்டினோம். மேலிருந்து இழுத்தால் கல்லோடு வந்துவிடும், அதனால் பவளத்தில் சுற்றிய ஒவ்வொரு நூலையும் கையால் பிரிக்க வேண்டும். சிக்கெடுக்கும்போது அம்மா என் முடியைப் பிடிப்பாளே, வேர் வலிக்காமல், அப்படி. என் ஏழாம் வகுப்பு மேலே வந்தது. எட்டாம் வகுப்பு வந்தது. உன்னுடைய பழைய பச்சைச் செருப்புகூட வந்தது.

மூன்றாம் நாள் அத்தனையையும் குப்பத்துக் கரையில் இறக்கினோம். தடைக்காலம், ஊரே கரையில்தான் இருந்தது. சுற்றிக் கூடிவிட்டார்கள். யார் வலை, எங்கே கிடந்தது என்று ஆளுக்கு ஒரு கேள்வி. ஏழுமலை மாமா என்னைப் பார்க்காமல், "ஏதோ பழைய வலை, வுடுங்கப்பா" என்றார். அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஊருக்கு முன்னால் அவர் கேட்ட மன்னிப்பு ஊருக்கு முன்னால்தானே திரும்ப வேண்டும்? நான் பஞ்சாயத்து அன்று நின்ற அதே ஓரத்திலிருந்து இரண்டு அடி முன்னால் வந்தேன்.

"எங்க அண்ணன் வலை. பார்ல போட்டிருக்கு. ஏழுமலை மாமா அறுக்கல."

இவ்வளவுதான் பேசினேன். பிறகு பின்னாலிருந்து ஒரு கிழவர், "ஊமச்சி பேசிடுச்சிடா" என்றார். யாரோ சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது அண்ணி. கம்பெனிக்குப் போகிற உடுப்பு, கையில் சாப்பாட்டுப் பை. நான் திட்டு வாங்கத் தயாரானேன். அவர் நேராகப் போய் வலையின் ஒரு நுனியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "அவரு கேக்க வேண்டியது. நான் கேக்குறேண்ணே" என்றார். ஏழுமலை மாமா இன்னொரு நுனியைத் தூக்கினார். "மொதல்ல அந்தப் பைய கீழ வெய்மா, சோறு கொட்டுது" என்றார். அவ்வளவுதான். ஆறு வருஷச் சண்டை அப்படி முடிந்தது. இப்போது அவர் நம் வீட்டுக்கு வருகிறார். யாழினி அவரை மாமா என்று கூப்பிட்டு, லாஞ்சுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று யோசனை சொல்கிறாள். உன்னைப் பற்றி அவளிடம் யாரும் கெட்டதாகப் பேசவில்லை. உன் அப்பன் தப்பு செய்தான், உன் அத்தை வலையை எடுத்தாள் என்று அவர்தான் அவளுக்கு நேராகச் சொன்னார். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தச் செருப்பு அத்தைக்கு இப்பவும் காலுக்குப் பத்துமா?"

பார் எப்படி இருக்கிறது என்று கேட்டாய் அல்லவா? ஆவணியில் மறுபடி இறங்கினேன். நீர் கொஞ்சம் குளிர்ந்திருந்தது. மூளைக் கல்லின் மடிப்புகளில் லேசாகப் பழுப்பு திரும்பியிருந்தது, சோகை பிடித்த குழந்தையின் உதட்டில் ரத்தம் ஊறுகிற மாதிரி. மேற்கு ஓரத்துத் தட்டுக் கல் திரும்பவில்லை. அதன் மேல் வேறு பாசி ஏறிவிட்டது. அது செத்துவிட்டது. வலை கிடந்த இடத்தில் உடைந்த விரல்கள் குவியலாகக் கிடக்கின்றன, சிலதின் நுனியில் மட்டும் உயிர்.

வலையை எடுத்துவிட்டோம். ஆனால் கடல் சூட்டை எந்தப் போட்டில் ஏற்றிக் கொண்டு வர முடியும்? அதற்கு யாரைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுவது? இப்போது ஐப்பசி மழை. ஆற்று வாய் வழியாகச் சேறும், ஊர்ச் சாக்கடையும், பிளாஸ்டிக்கும் செந்நிறமாகக் கடலுக்குள் போவதைப் பழைய பாலத்துப் பக்கம் நின்று பார்க்கிறேன். அது எந்தப் பக்கம் போகும் என்று நீரோட்டம் பார்க்கிறேன். பாருக்குப் போகாமல் இருக்கட்டும் என்று கும்பிடுகிறேன். வேறென்ன செய்வது? சுற்றுலாப் போட்டுகள் நங்கூரம் போடுகிற மற்றப் பார்களை நினைத்தால், நம்முடையதை ரகசியமாக வைத்தது நல்லதா, ரகசியம் என்பதால்தான் ஆறு வருஷம் யாரும் அந்த வலையைப் பார்க்கவில்லையா என்று குழம்புகிறேன். நீ இருந்தால் என்ன சொல்வாய்?

ஊரில் ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. பாரில் வலை மாட்டினால் அறுத்துவிட்டுப் பேசாமல் வராதீர்கள், வந்து சொல்லுங்கள், எடுக்க வருகிறேன் என்று சொல்லி வைத்தேன். வெட்கப்பட்டுக்கொண்டு இதுவரை இரண்டு பேர் வந்தார்கள். அடுப்படிக் கதவருகே வந்து, மெதுவாக, நான் பேசுவதைவிட மெதுவாகச் சொன்னார்கள். அதற்காகத்தான் இதை அச்சில் கொடுக்கிறேன் அண்ணா. உன் தப்பை ஊரறிய எழுதினால், இன்னொருவன் தன்னுடையதைச் சொல்ல வருவான். அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன். குறட்டை வரியை மட்டும் எடுக்கச் சொன்னார். எடுக்கவில்லை.

ஒரே ஒரு செருப்பு வட்டத்தை வைத்துக்கொண்டேன். நான் இறங்கும்போது இடுப்புக் கயிற்றில் கட்டிக்கொள்கிறேன். நீ சொன்ன மாதிரி அது கடலில் நடக்கிறது.

போய்ப் பார்த்துச் சொல் என்றாய். ஒவ்வொரு வருஷமும், சித்திரையில் வெயில் ஏறும்போதும் அது இறங்கிய பிறகும், போய்ப் பார்ப்பேன். வெளுத்திருந்தால் வெளுத்திருக்கிறது என்பேன், செத்திருந்தால் செத்துவிட்டது என்பேன். உனக்கும் சொல்வேன், ஊருக்கும் சொல்வேன். வாயை மூடிக்கொண்டு மட்டும் வர மாட்டேன்.

உன் கையின் ஈரம் இன்னும் தலையில் காயாத,
உன் ஊமைத் தங்கச்சி
ரேவதி